இடம்பெயரும் பெற்றோரும் குழந்தையின் உரிமையும்

மணவிலக்கு கணவன் மனைவி என்னும் உறவை முறிக்கிறது. தாய், தந்தை என்னும் உறவை அது தொடுவதில்லை. எனவேதான் இஸ்லாமியச் சட்டவியல் தலாக்கின் விதிகளோடு நின்றுவிடாமல், 'ஹளானத்' எனப்படும் குழந்தைப் பராமரிப்புக்கெனத் தனி இயல் ஒன்றையே வகுத்துள்ளது. அவ்வியலில் இக்காலத்தில் மிகுந்த சிக்கலைத் தோற்றுவிப்பது, மணவிலக்குப் பெற்ற இருவரில் ஒருவர் வேறு ஊருக்குக் குடிபெயர நாடும்போது குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்னும் வினாவாகும்.

சென்னையின் தென்புறநகரான பல்லாவரத்தை எடுத்துக் கொள்வோம். தோல் பதனிடும் தொழிலும், புறநகர் இரயிலும், விமான நிலையத்தின் அண்மையும் பல ஊர் முஸ்லிம்களை இங்கே கொண்டு வந்து சேர்த்துள்ளன. ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த உள்மாவட்டக் குடும்பங்களும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த கடலோர ஊர்க் குடும்பங்களும் ஒரே பள்ளிவாசலில் அணிவகுக்கின்றனர். தமக்குள் மண உறவும் கொள்கின்றனர். காயல்பட்டினத்துப் பெண் ஒருவரை அவ்வூரிலேயே நிகாஹ் செய்து, பல்லாவரத்தில் குடித்தனம் நடத்திய ஒருவர் அவரைத் தலாக் செய்து விடுகிறார் எனக் கொள்வோம். இத்தா முடிந்ததும் அப்பெண், ஐந்து வயது மகனுடன் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் தாய்வீட்டிற்குத் திரும்ப விரும்புகிறார். தந்தை தடுக்கிறார். தீர்ப்பு யாது?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். குழந்தையை உடனிருந்து ஊட்டி, உடுத்தி, பேணி வளர்ப்பது ஹளானத். அதன் திருமணம், சொத்து, கல்வி ஆகியவற்றைப் பொறுப்பேற்று நடத்துவது விலாயத். முன்னது இளமையில் தாய்க்கு உரியது. பின்னது தந்தைக்கு உரியது. குழந்தையின் செலவுக்கும் தந்தையே பொறுப்பு. தம் மகனைத் தந்தை பறித்துக்கொள்ள நாடுவதாக முறையிட்ட ஒரு பெண்ணிடம், அவர் மறுமணம் செய்யாத வரை அவருக்கே முன்னுரிமை என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உமர் (ரலி) அவர்கள் மணவிலக்களித்த மனைவியின் மகன் ஆஸிமைக் குபாவில் கண்டு தம்முடன் அழைத்துச் செல்ல முயன்றபோது, குழந்தையின் பாட்டி தடுத்தார். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் உமருக்கு எதிராகவே தீர்ப்புக் கூறினார்கள்.

வயது வரம்பில் இமாம்கள் வேறுபடுகின்றனர். ஹனஃபி மத்ஹபில் ஆண் குழந்தை ஏழு வயது வரையிலும், பெண் குழந்தை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் நன்மை தீமையைப் பகுத்தறியும் பருவமாகிய ஏறத்தாழ ஏழு வயதிற்குப் பின்னர், தாய் தந்தை இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கே அளிக்கப்படும்.

இனிப் பயணம் பற்றிய விதியைக் காண்போம். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' காட்டும் ஹனஃபி நெறி இது: தாய் குழந்தையை வேறு ஊருக்குக் கொண்டு செல்லலாகாது, அவ்வூர் அவருடைய சொந்த ஊராகவும், நிகாஹ் அங்கேயே நடந்ததாகவும் இருப்பின் செல்லலாம். ஓர் ஊரில் ஒப்பந்தம் செய்தவர் அதன் விளைவுகளையும் அவ்வூரில் ஏற்றுக்கொண்டவராகிறார் என்பது இதன் காரணம். இவ்விரு நிபந்தனைகளும் இல்லாத இடமாயினும், தந்தை சென்று பிள்ளையைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பத்தக்க அண்மையில் இருப்பின் தடையில்லை. ஆயினும் நகரத்திலிருந்து சிற்றூருக்குக் கொண்டு செல்வது, குழந்தையின் பழக்கவழக்கம் கெடும் என்று கருதி விலக்கப்பட்டது.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் தரும் ஷாஃபிஈ நெறி வேறு. பயணம் இரு வகைப்படும். வணிகம், ஹஜ் போன்ற தேவைக்காகச் சென்று திரும்பும் பயணமாயின், பயணி மீளும் வரை குழந்தை ஊரில் இருப்பவரிடமே இருக்கும். நிலையாகக் குடிபெயரும் பயணமாயின், பெயர்பவர் தாயாயினும் தந்தையாயினும், தந்தைக்கே முன்னுரிமை. வழியும் சேருமிடமும் பாதுகாப்பாக இருத்தல் அதற்கு நிபந்தனை. வமிசம் காக்கப்படுவதும், கல்வியும் ஒழுக்கமும் தந்தையின் கண்காணிப்பில் அமைவதும் இதன் நோக்கங்களாகும்.

ஆக, நாம் எடுத்துக்கொண்ட வழக்கில் ஹனஃபி நெறிப்படி மகனைத் தாய் காயல்பட்டினம் கொண்டு செல்லலாம். ஷாஃபிஈ நெறிப்படி அவன் பல்லாவரத்தில் தந்தையிடம் இருக்க வேண்டும். ஒரே மஹல்லாவில், ஒரே குழந்தைக்கு, இரு எதிரெதிரான விடைகள்! தமக்குச் சாதகமான மத்ஹபை அந்தந்தத் தரப்பார் அந்த வேளையில் மட்டும் தேடுவது மார்க்கப் பற்றன்று.

இம்முரணை அவிழ்க்க ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் கருத்து பெரிதும் துணைபுரிகிறது. ஊரில் தங்குவதோ பெயர்வதோ, எது குழந்தைக்கு நலமும் பாதுகாப்பும் மிக்கதோ அதனையே கொள்ள வேண்டும் என்கிறார்கள் அவர்கள். மேலும், மற்றவரைத் துன்புறுத்தவும் பிள்ளையைப் பறிக்கவுமே ஒருவர் இடம்பெயர நாடினால், அவருக்கு அவ்வுரிமை அளிக்கப்படலாகாது எனவும் எச்சரிக்கிறார்கள். பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ துன்புறுத்தலாகாது என்னும் அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்துடைய கருத்திற்கு இது முற்றிலும் இயைந்தது.

இவ்வளவுகோலை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஹனஃபி அறிஞர்கள் தொலைவைக் கல்லால் அளக்கவில்லை. தந்தை பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப இயலுமா என்பதால் அளந்தார்கள். அவ்வாறாயின் பல்லாவரத்திலிருந்து செங்கற்பட்டும் வேலூரும் அண்மையே. நான்கு மணி நேரத்தில் விமானம் சேரும் துபாயோ, விசாவும் பயணக் கட்டணமும் கருதத் தொலைவே. கைப்பேசியில் முகம் காண்பது ஆறுதல் தரும். மடியில் அமர்த்துவதற்கு அது ஈடாகாது. வளைகுடாவில் ஒப்பந்தப் பணி புரியும் தந்தையின் பயணம், அங்கே நிலையாகக் குடியேறும் உரிமை தராதது. ஷாஃபிஈ வகைப்பாட்டில் அது தேவைக்கான பயணமாகவே கொள்ளத்தக்கது. எனவே அவர் திரும்பும் வரை குழந்தை ஊரிலுள்ள தாயிடம் இருப்பதே அந்நெறிக்கும் பொருத்தமாகும்.

இந்தியச் சட்டத்தின் நிலையையும் அறிதல் கடமை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், பாதுகாவலர் உரிமையை முஸ்லிம் தனியார் சட்டத்திற்கு உட்பட்டவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆனால் வழக்கு நீதிமன்றம் சென்றால் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம் செயற்படும். அதன் 17ஆம் பிரிவு, குழந்தையின் தனியார் சட்டத்திற்கு இயைய அதன் நலனைக் கருதுமாறும், விவரமறிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தைக் கருதலாம் எனவும் கூறுகிறது. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் அதன் அனுமதியின்றிக் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டு செல்லலாகாது என்கிறது 26ஆம் பிரிவு.

பணி நிமித்தம் மகனுடன் ஆஸ்திரேலியா செல்ல விரும்பிய தாய்க்குக் கிடைத்த அனுமதியை உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. பராமரிப்பு பற்றிய ஆணைகள் குழந்தையின் நலனுக்கேற்ப மாற்றத்தக்கவை எனவும் விளக்கியது. இங்கிலாந்திலிருந்து தாயுடன் கோயம்புத்தூர் வந்த இரு சிறுமியர் வழக்கில், 2015இல் அந்நாட்டு நீதிமன்றத்தின் ஆணைக்கு அது பெருமதிப்பளித்தது. ஆனால் 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அயல்நாட்டு ஆணை கருதத்தக்கவற்றுள் ஒன்றே, குழந்தையின் நலனே தலையாயது என அந்த அணுகுமுறையைத் திருத்தியது. எல்லை கடந்து கொண்டு செல்லப்பட்ட குழந்தைகளை மீட்பது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனவே பிள்ளை அயல்நாடு சென்ற பின் மீட்பதைவிட, செல்லுமுன் எழுதிக்கொள்வதே அறிவுடைமை.

இங்கேதான் மஹல்லா ஜமாஅத்தின் பொறுப்பு எழுகிறது. தலாக் அல்லது குல்உ ஒப்பந்தங்களில் குழந்தை தாயிடம் இருக்கும் என்று ஒரே வரியில் எழுதி முடித்தல் போதாது. எந்த ஊரில் வசிப்பது, எத்தனை நாளுக்கு முன் அறிவித்து இடம்பெயர்வது, விடுமுறையில் யாரிடம் இருப்பது, போக்குவரத்துச் செலவு யாருடையது, பள்ளியையும் மதரஸாவையும் யார் முடிவு செய்வது ஆகிய ஐந்தும் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஃபத்வாவுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆற்றலில்லை என உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியிருப்பதால், அவ்வொப்பந்தத்தை நீதிமன்ற ஆணையாக ஆக்கிக்கொள்வது இரு தரப்பாருக்கும் பாதுகாப்பு.

பருவமடையாத குழந்தை இல்லறத்தின் வெற்றிப் பொருளன்று. அல்லாஹ் இருவரிடமும் ஒப்படைத்த அமானிதம். ஓர் ஊரை விட்டுப் பெயர்பவர், தாம் எதை நாடிச் செல்கிறோம், யாரிடமிருந்து ஓடுகிறோம் என்பதைத் தம் உள்ளத்திடம் முதலில் வினவட்டும். மனிதர் அறியா நிய்யத்தையும் அல்லாஹ் நன்கறிபவன்.