தள்ளாடும் துணைக்கோளும் தென் துருவமும்

துணைக்கோள்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "சார், தென் துருவத்தில் டிஷ் ஆண்டெனா வைத்தால் டி.வி. தெரியுமா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியதன்று. தெரியாது என்பதுதான் விடை. ஆனால் ஏன் தெரியாது என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால், வயதாகிப்போன ஒரு வானிலைத் துணைக்கோளின் கதையில் போய் நிற்போம்.

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு துணைக்கோளைச் சுற்றவிட்டால், அது 23 மணி 56 நிமிடங்களில் ஒரு சுற்று முடிக்கும். பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல்வதற்கு ஆகும் நேரமும் அதுவே. ஆகவே நம் கண்ணுக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்கும். மொட்டைமாடி டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும் என்பது இதனால்தான். நிலநடுக்கோட்டைவிட்டு விலக விலக, துணைக்கோள் அடிவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும். 81 பாகை அட்சரேகையைத் தாண்டினால் மறைந்தே போகும். துருவத்தில் நிற்பவருக்கும் துணைக்கோளுக்கும் நடுவே பூமியின் வயிறு வந்து மறைத்துவிடும்.

தென் துருவத்தில் அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையம் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் புறப்பட்டால், அதன்பின் பல மாதங்களுக்குப் போக்குவரத்து கிடையாது. அங்கே தங்கிவிடும் சில பத்துப் பேருக்கு மருத்துவ ஆலோசனை, வீட்டுச் செய்தி, ஆய்வு முடிவுகளை அனுப்புதல் எல்லாமே வானொலி அலைகளை நம்பித்தான். இவர்களுக்கு 1995 முதல் கைகொடுத்தது 'கோயஸ்-3'.

1978 ஜூன் 16 அன்று ஏவப்பட்ட அமெரிக்க வானிலைத் துணைக்கோள் இது. உருளை வடிவம் கொண்டது. பம்பரம்போல் சுழன்றபடியே மேகப் படங்களை வரி வரியாக எடுத்து அனுப்பியது. 1989இல் அதன் வானிலைப் பணி முடிந்தது. பழுதாகாமல் எஞ்சியிருந்த வானொலிக் கருவிகளைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தினார்கள். புவிநிலைத் துணைக்கோள் துருவத்துக்குத் தெரியாது என்று இப்போதுதானே சொன்னோம்? இது மட்டும் எப்படித் தெரிந்தது? அதன் முதுமையே காரணம்.

சந்திரனும் சூரியனும் நிலநடுக்கோட்டுத் தளத்தில் இல்லை. இவற்றின் ஈர்ப்பு, துணைக்கோளின் சுற்றுத்தளத்தை ஓயாமல் சாய்த்துக்கொண்டே இருக்கிறது. பூமியின் இடுப்புப் புடைப்போ அதை நிலநடுக்கோட்டோடு பிடித்துவைக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில் ஆண்டுக்குச் சுமார் 0.85 பாகை சாய்வு ஏறுகிறது. இதை நிமிர்த்த எவ்வளவு முயற்சி வேண்டும்? மாணவர்கள் தாங்களே கணக்கிடலாம். துணைக்கோளின் வேகம் நொடிக்கு 3.07 கி.மீ.; 0.85 பாகை என்பது 0.0148 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 45 மீட்டர் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் இவ்வளவு வேகமாற்றம் தரவேண்டும். கிழக்கு மேற்காக நகராமல் காக்கவோ நொடிக்கு 2 மீட்டர் அளவே போதும். ஆக, எரிபொருளைத் தின்பது வடக்கு-தெற்குத் திருத்தம்தான். எரிபொருள் குறைந்த கிழத் துணைக்கோளுக்கு அதை நிறுத்திவிடுவார்கள்.

அப்படியானால் சாய்வு ஏறிக்கொண்டே போகுமோ? போகாது. வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுத்தளத்தின் அச்சும் அவ்வாறே, பூமியின் அச்சுக்கு ஏறத்தாழ ஏழரைப் பாகை தள்ளியுள்ள ஒரு திசையைச் சுற்றித் தலையாட்டுகிறது. அதனால் சாய்வு 15 பாகைவரை ஏறி, பிறகு இறங்கும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 53 ஆண்டுகள் ஆகும்!

சாய்ந்த பாதையில் செல்லும் துணைக்கோள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாளுக்கு ஒருமுறை வடக்கே ஏறித் தெற்கே இறங்கி, ஒல்லியான '8' ஒன்றை வானில் வரைகிறது. 15 பாகைச் சாய்வில் அந்த எட்டின் நீளம் 30 பாகை. அகலம் 2 பாகைதான். அசையாத டிஷ்ஷுக்கு இது தொல்லை, துருவத்துக்கோ வரம். துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8.7 பாகைக்கு மேல் இறங்கிவிட்டால், துருவத்தின் அடிவானத்தில் எட்டிப்பார்க்கிறது. 15 பாகைச் சாய்வு இருந்தால் நாளொன்றுக்கு ஏழேகால் மணி நேரம் தெரியும். அப்போதும் அது ஏறும் உச்சம் ஆறரைப் பாகைக்குள்தான். தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்துபோகும் உயரம். நல்லவேளையாக அங்கே மரம் ஏதுமில்லை, பனிச் சமவெளிதான்.

பாதையின் சாய்வு, வடிவம், நிலை ஆகியவற்றைக் குறிக்கும் ஆறு எண்கள் தெரிந்தால், எந்த நிமிடத்தில் எந்தத் திசையில் துணைக்கோள் இருக்கும் என்று கணினி சொல்லிவிடும். மோட்டார் அதன்படி ஆண்டெனாவை மெல்லத் திருப்புகிறது. சந்திரனும் சூரியனும் எண்களை மாற்றிக்கொண்டிருப்பதால், அவற்றை அவ்வப்போது அளந்து திருத்தவும் வேண்டும். இன்னொரு வேடிக்கை: சுற்றுக்காலம் 24 மணிக்கு 4 நிமிடம் குறைவு. எனவே துணைக்கோள் நாள்தோறும் 4 நிமிடம் முந்தி உதிக்கும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முந்திவிடும். வீட்டுக்குக் கடிதம் அனுப்ப விரும்பும் துருவவாசி, மாதம் போகப் போகத் தன் தூக்க நேரத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கிழக்கு மேற்காக மட்டும் அது ஏன் அலையவில்லை? பூமியின் நிலநடுக்கோடு சரியான வட்டமன்று. அதன் விளைவாக, மேற்குத் தீர்க்கரேகை 105 பாகையருகிலும் கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகையருகிலும் கிண்ணம்போன்ற இரு நிலைகள் உள்ளன. அவற்றில் விழுந்த துணைக்கோள், கிண்ணத்தில் உருளும் கோலிக்குண்டுபோல் அங்கேயே ஊசலாடும். கோயஸ்-3 முன்னதற்கு அருகில் இருந்தது. இரண்டாவது கிண்ணம் நம் நாட்டின் தீர்க்கரேகையில் இருக்கிறது. 2002இல் ஏவப்பட்ட நமது கல்பனா-1 வானிலைத் துணைக்கோள் 74 பாகையில், அதாவது கிண்ணத்தின் அடிக்குப் பக்கத்திலேயே பணிசெய்தது.

கோயஸ்-3 தனித்து உழைக்கவில்லை. மாரிசாட்-2, டிடிஆர்எஸ்-1 என்ற வேறு இரு முதிய துணைக்கோள்களும் இதே தள்ளாட்டத்தால் துருவத்துக்கு உதவின. அவை அதற்கு முன்பே ஓய்வுபெற்றன. 2016 ஜூன் 29 அன்று, தன் 38ஆம் வயதில், கோயஸ்-3 நிறுத்தப்பட்டது. அதன் வேலை வேறு சில கிழத் துணைக்கோள்களுக்குப் போயிற்று.