ஜவ்வாது மலையில் ஒரு கிரகண வித்தை

1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் தன் வழியில் ஒரு மங்கலான நக்ஷத்திரத்தை மறைக்கப்போகிறது என்பதை முன்னரே அறிந்து, ஜவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியை அதன்பால் திருப்பிக் காத்திருந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், கிரகம் நெருங்குமுன்பே அந்நக்ஷத்திரத்தின் ஒளி சில விநாடிகள் குன்றி மீண்டதைப் பதிவு செய்தனர். புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டிருக்கவேண்டும் என்றே அவர்கள் முதலில் கருதினர்; பிற இடங்களில் எடுத்த அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்னும் உண்மை வெளியாயிற்று.

ஒளியின் குறைவைக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாததை அறியும் அந்த வித்தையே, பிற நக்ஷத்திரங்களைச் சுற்றும் ராட்சதக் கிரகங்களை ஆராய்வதற்கும் இன்று உதவுகிறது. 51 பெகாசி என்னும் நக்ஷத்திரத்தை நான்கு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒருமுறை வலம்வரும் கிரகத்தை, அதன் ஈர்ப்பினால் அந்நக்ஷத்திரம் ஆடுவதைக்கொண்டு, 1995-இல் சுவிட்சர்லாந்தின் மேயரும் கெலோவும் கண்டறிந்தனர். வியாழனை ஒத்த பெருங்கிரகம் தன் சூரியனை அவ்வளவு அண்டி அனலில் கிடக்கும் என்று அதற்குமுன் எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. இத்தகையவற்றுக்கு வெப்ப வியாழன்கள் என்று பெயர்.

வியாழனின் விட்டம் சூரியனுடையதில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. ஆதலால் அத்தகைய கிரகம் தன் நக்ஷத்திரத்தின் முன்னே கடக்கையில் மறைவது நூற்றிலொரு பங்கு ஒளிதான். இந்த அற்பக் குறைவை, மெல்லிய மேகமும் பனிமூட்டமும் உண்டாக்கும் மங்கலிலிருந்து பிரித்தறிவது எப்படி? பந்தலில் புகை சூழ்ந்தால் எல்லா விளக்குகளும் ஒருசேர மங்கும். ஒன்றுமட்டும் மங்கினால் அதன்முன் யாரோ நடந்திருக்கவேண்டும். அவ்வாறே, ஒரே படத்தில் விழும் அண்டை நக்ஷத்திரங்களோடு ஒப்பிட்டு, படம் படமாகக் கணக்கிடுகிறார்கள்.

பட்டாச்சார்யாவின் பெயர் தாங்கிக் காவலூரில் இயங்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கியையும், லடாக்கில் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் சோதிக்கும் பொருட்டு, பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அரித்ர சக்ரவர்த்தியும் சுஜன் சென்குப்தாவும் ஐந்து வெப்ப வியாழன்களை இம்முறையில் அளந்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்தும் முன்னரே கண்டறியப்பட்டவை. கண்டதை மறுபடி அளப்பானேன் என்று கேட்கத் தோன்றும். அவற்றுள் ஒன்றான வாஸ்ப்-12பி என்னும் கிரகம் ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தன் நக்ஷத்திரத்தைச் சுற்றுகிறது. அந்தக் காலம் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிவிநாடி குறைந்துவருவதால், சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது நக்ஷத்திரத்தில் விழுந்து அழியும் என்று கணித்திருக்கிறார்கள். பல தேசத்தார் பல வருஷங்கள் அதன் கிரகண நேரங்களைத் திரும்பத் திரும்பக் குறித்துவைத்திராவிட்டால், இந்த முடிவுக்கு யாரும் வந்திருக்க முடியாது.