டாக்டர் சிஸ்டர்

கத்தோலிக்க மருத்துவமனைகளின் வரவேற்பறையில் பெரும்பாலும் ஒரு சொரூபம் இருக்கும். அதற்குப் பக்கத்துச் சுவரில் சேவை, இரக்கம், மனித மாண்பு என்று சில சொற்கள். சீட்டு வாங்கும் அவசரத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. அந்தச் சொற்களில் குறையொன்றும் இல்லை. எந்த மருத்துவமனையும் அவற்றை எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல். நட்சத்திர ஓட்டல் போலக் கட்டப்பட்ட கார்ப்பரேட் மருத்துவமனையும் எழுதிக்கொள்கிறது. ஒரு நிறுவனம் எதை உயிராக மதித்தது என்று தெரிய வேண்டுமானால், அது எதற்காக யாரோடு மல்லுக்கு நின்றது என்று பார்க்க வேண்டும். ஆந்திரத்துக் குண்டூரில் இருக்கும் புனித சூசையப்பர் மருத்துவமனையையும், அதே தலைமுறையில் எழுந்த மற்றச் சில கத்தோலிக்க மருத்துவமனைகளையும் அப்படிப் பார்த்தால் ஒரு வியப்பான செய்தி தெரிகிறது. அவற்றை உருவாக்கிய பெண்கள் மல்லுக்கு நின்றது நோயோடும் வறுமையோடும் மட்டும் இல்லை. தங்கள் சொந்தத் திருச்சபையின் சட்டத்தோடும்தான்.

அந்தச் சட்டம் பழையது. பணம் சம்பாதிக்கும் ஆசையில் மருத்துவம் படிக்கப் போகும் துறவிகளை 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் கண்டித்தது. உடலை வெட்டுவதும் சுடுவதுமான சிகிச்சையைக் குருக்கள் செய்யக் கூடாது என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் சொன்னது. எழுநூறு ஆண்டுகள் கழித்து, 1917இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்திலும் அந்தத் தடை தொடர்ந்தது: ரோமின் தனி அனுமதி இல்லாமல் குருக்கள் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ செய்யக் கூடாது, குருக்களுக்கு உள்ள அந்தக் கட்டுப்பாடு துறவியருக்கும் பொருந்தும். கன்னியர் புண்ணைக் கழுவலாம், கஞ்சி ஊட்டலாம், சாகிறவர் பக்கத்தில் விழித்திருக்கலாம். டாக்டராகக் கூடாது. பிரசவ அறை இன்னும் எட்டாத இடம். கற்பு வார்த்தைப்பாடு கொடுத்த பெண் பிரசவம் பார்ப்பது தகாது என்ற எண்ணம் ரோமின் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றி இருந்தது.

ஐரோப்பாவில் இந்தத் தடையால் பெரிய நட்டம் இல்லை. வேறு டாக்டர்கள் இருந்தார்கள். இந்தியாவில் கதை வேறு. ஆண் டாக்டர் தொடுவதைவிடச் சாவதே மேல் என்று பெண்களும், அதைவிட உறுதியாக அவர்கள் வீட்டு ஆண்களும் நினைத்த காலம். சென்னைக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணியில் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று பேச்சில் வழங்குகிற கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை 1885இல் தொடங்கியது இதற்காகத்தான். அதைத் தொடங்கிய மேரி ஷார்லிப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். புராட்டஸ்டண்ட் மிஷன்கள் இந்தத் தேவையை முன்பே கண்டுகொண்டன. கிளாரா ஸ்வைன் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் 1870இலேயே பரேலிக்கு வந்துவிட்டார். 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் வேலையைத் தொடங்கினார். கத்தோலிக்கர் தரப்பில் மருத்துவமனையே இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூரின் புனித மார்த்தா மருத்துவமனை 1886இல் எழுந்தது. ஆனால் கன்னியர் அங்கெல்லாம் செவிலியராக நின்றார்கள். பெண் டாக்டர் விஷயத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அரை நூற்றாண்டு பின்தங்கியது. காசோ ஆளோ இல்லாததால் வந்த தாமதம் இல்லை இது; சட்டத்தால் வந்த தாமதம்.

இந்த முடிச்சை முதலில் கையில் எடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆக்னஸ் மெக்லாரன். 1837இல் எடின்பரோவில் பிறந்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். பிரிட்டனில் பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் தர மறுத்ததால் பிரான்சின் மொம்பெலியேவுக்குப் போய் 1878இல் டாக்டரானார். அறுபதைத் தாண்டிய வயதில்தான் கத்தோலிக்கத்தைத் தழுவினார். எழுபதைத் தாண்டிய வயதில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புனித கத்தரீன் மருத்துவமனை உருவாகக் காரணமானார். அங்கே அவருக்கு இடித்தது ஒரு நடைமுறைச் சிக்கல். கன்னியர் செவிலியராக நிலையாக இருந்தார்கள், டாக்டர்கள் நிலைக்கவில்லை. ஒப்பந்தத்தில் வரும் பெண் டாக்டர் சில காலம் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஊரை விட்டுப் போகாத ஒரே கூட்டம் கன்னியர். அவர்களுக்கோ மருத்துவம் தடை. அந்தத் தடையை நீக்கும்படி பலமுறை ரோமின் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. 1913இல் இறந்துபோனார்.

அவர் கேட்டது வீண்போகவில்லை. 1915இல், மெல்போர்னின் கோலின்ஸ் வீதியில் தொழில் நடத்திவந்த மேரி குளோவ்ரி என்ற இளம் பெண் டாக்டரின் கைக்கு மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் வந்து சேர்ந்தது. குளோவ்ரி 1910இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், கண் மருத்துவத்தில் அனுபவசாலி, விக்டோரியாவின் கத்தோலிக்கப் பெண்கள் சமூகச் சங்கத்துக்கு முதல் தலைவர். நல்ல வருமானமும் பெயரும் வரத் தொடங்கிய நேரம். மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் 1919இல் எம்.டி. முடித்துக்கொண்டு கப்பல் ஏறினார். 1920 பிப்ரவரியில், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து, அங்கே பணியாற்றிவந்த டச்சு நாட்டு இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். அவர் கன்னியாஸ்திரீயாக இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கப் போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்ட் தனி அனுமதி கொடுத்தார். மறைப்பணி நாட்டில் டாக்டராக வேலை செய்த முதல் கன்னியாஸ்திரீ என்று அவரைச் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்த அனுமதி ஒருவருக்கான விதிவிலக்கு. சட்டம் அப்படியே இருந்தது.

குண்டூரில் அவர் கட்டியெழுப்பிய மருத்துவமனையின் தன்மையை இரண்டு விஷயங்கள் காட்டுகின்றன. ஒன்று, உள்ளூர்ப் பெண்களை மருந்து கலக்கவும், பிரசவம் பார்க்கவும், நோயாளிகளைக் கவனிக்கவும் பழக்கினார். ஒரே டாக்டர் சுற்றுவட்டாரக் கிராமங்களையெல்லாம் எட்ட வேறு வழி ஏது? இரண்டாவது, சிதறிக் கிடந்த கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரு குடையின்கீழ் சேர்த்தார். 1943இல் அவர் தொடங்கிய சங்கம் இன்று செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, 3,500க்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு நாடெங்கும் பரவியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை உள்ளடங்கிய ஊர்களில் சிஸ்டர்கள் நடத்துகிற சின்ன மருந்தகங்கள். இந்தியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவருடைய இன்னொரு கனவு. 1957இல் பெங்களூரில் அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, அதே பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

விதிவிலக்கு விதியாக மாறிய கதை இன்னும் சுவையானது. ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டுப் பெண் அன்னா டெங்கல், மெக்லாரனை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. கடிதத் தொடர்பு மட்டுமே. பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லுபடியாகும் பட்டம் வேண்டும் என்பதால் அயர்லாந்தின் கார்க் நகரில் படித்து 1919இல் டாக்டரானார். ராவல்பிண்டியில் நான்காண்டுகள் தனியாளாகத் திண்டாடியபின் அவருக்குப் புரிந்தது, ஒருவரால் ஆகிற காரியம் இல்லை இது என்று. 1925இல் வாஷிங்டனில் இன்னொரு டாக்டரையும் இரண்டு செவிலியரையும் சேர்த்துக்கொண்டு மருத்துவ மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். சட்டம் துறவியரைத்தானே தடுக்கிறது? அந்த நால்வரும் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. துறவியர் போலவே வாழ்ந்தார்கள், சட்டத்தின் கண்ணுக்குத் துறவியராக இல்லாமல். இதைத் தந்திரம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 1936 பிப்ரவரி 11 அன்று ரோம் இறங்கிவந்தது. மறைப்பணி நாடுகளில் கன்னியர் டாக்டராகலாம், பிரசவமும் பார்க்கலாம் என்று அறிவித்ததோடு, அதற்கென்றே முறையாகப் படித்த கன்னியர் வேண்டும் என்றும் சொன்னது.

காலம் மாறத் திருச்சபை தானாகவே மாறியிருக்கும், இதில் இந்தப் பெண்களுக்கு என்ன தனிப் பெருமை என்று கேட்கலாம். தானாக மாறியிருக்குமென்றால் 1870க்கும் 1936க்கும் இடையில் மாற நிறைய நேரம் இருந்தது. மாறவில்லை. மெக்லாரனின் மனுக்களும், குண்டூரில் ஒரு கன்னியாஸ்திரீ கண்ணெதிரே டாக்டராக வேலை செய்த ஆண்டுகளும், டெங்கலின் சாமர்த்தியமும் சேர்ந்துதான் அந்த அறிவிப்பைச் சாத்தியமாக்கின. அவர்கள் திருச்சபையை விட்டு வெளியேறவுமில்லை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவுமில்லை. நோயாளியின் தேவை ஒரு பக்கம், மடத்தின் ஒழுங்கு மறுபக்கம் என்று வந்தபோது, ஒழுங்கை வளைத்துத் தேவைக்குப் பொருத்தினார்கள். இந்த மருத்துவமனைகளின் மூல விழுமியம் என்று ஒன்றைச் சொன்னால், அதைத்தான் நான் சொல்வேன்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம், மருந்து ஒரு தூண்டில், மதமாற்றமே நோக்கம் என்பது. இதை அப்படியே தள்ளிவிடுவது நேர்மையாகாது. அக்கால மறைப்பணியாளர் ஆன்மாக்களை மீட்பது பற்றி வெளிப்படையாகவே எழுதினார்கள். சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமும் மடங்களில் இருந்தது. ஆனால் ஆள் சேர்ப்பது மட்டுமே குறி என்றால் அதற்கு எம்.டி. பட்டம் தேவையில்லை, உபதேசியாரும் ஒரு மருந்துப் பெட்டியும் போதும். மடத்துச் சட்டத்தோடு முப்பது ஆண்டுகள் மோத வேண்டிய அவசியமும் இல்லை. தவிர, இவர்கள் போன இடங்களைப் பார்க்க வேண்டும். மெக்லாரனும் டெங்கலும் தேர்ந்தெடுத்தது முஸ்லிம்கள் மிகுந்த ராவல்பிண்டியை. அதே மரபில் 1960இல் கராச்சிக்கு வந்த ஜெர்மானிய டாக்டர் ரூத் பாவ், கன்னியாஸ்திரீயாகவே வாழ்ந்து, பாகிஸ்தான் முழுவதும் தொழுநோய் ஒழிப்பைக் கட்டியமைத்தார். தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக 1996இல் அறிவிக்கப்பட்டது. 2017இல் அவர் இறந்தபோது அந்த இஸ்லாமியக் குடியரசு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. மதம் மாற்ற வந்தவருக்கு அந்த மரியாதை கிடைத்திருக்குமா?

எனக்குச் சுலபமாகப் பதில் கிடைக்காத ஆட்சேபம் வேறொன்று. பிரசவ அறையின் கதவு 1936இல் திறந்தது. ஆனால் செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1930இலேயே போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் எழுதிவிட்டார், 1968இல் ஆறாம் சின்னப்பர் அதை உறுதிசெய்தார். இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யும் அறுவைதான். அதைப் பிரசவத்தோடு சேர்த்தே முடித்துவிடுவது வழக்கம். மூன்றாவது சிசேரியனுக்காகக் கத்தோலிக்க மருத்துவமனையில் படுத்திருக்கும் பெண், அந்த ஒரு காரியத்துக்காக மறுபடி வேறிடத்தில் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். மனச்சான்றுக்கு விரோதமான சிகிச்சையைச் செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வேண்டுமானால் வேறு மருத்துவமனைக்குப் போகலாமே என்பது மருத்துவமனைகள் தரும் விளக்கம். நகரத்துக்கு அது பொருந்தும். மலையடிவாரத்தில் சிஸ்டர் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதி இல்லாத ஊருக்குப் பொருந்தாது. போக வேறிடம் இல்லாத பெண்ணை முன்னிறுத்தித்தான் மெக்லாரன் ரோமோடு வாதாடினார். குறைந்தபட்சம், முதல் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்று அந்தப் பெண்ணிடம் தெளிவாகச் சொல்லிவிடும் கடமையாவது உண்டு.

கட்டணம் பற்றிய முணுமுணுப்பும் உண்டு: பெயர்தான் மிஷன் ஆஸ்பத்திரி, பில் தனியார் பில். இதற்குக் காரணம் பேராசை மட்டும் என்று சொல்ல மாட்டேன். பழைய மருத்துவமனைகளின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத ஒரு பெரிய தொகை இருந்தது: சம்பளம் வாங்காத கன்னியரின் உழைப்பு. வார்த்தைப்பாடு கொடுத்தவர் இரவு பகல் பாராமல் உழைத்தார். சபை அவருக்குச் சோறு போட்டது. மடத்தில் சேரும் பெண்கள் குறையக் குறைய, அந்த இடத்தில் சம்பளத்துக்கு வரும் செவிலியர் நின்றார், பில்லும் ஏறியது. அதோடு ஓர் அநியாயமும் நுழைந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவரிடம் எதிர்பார்த்த 'சேவை மனப்பான்மை'யை, வங்கிக் கடன் வாங்கி நர்சிங் படித்த பெண்ணிடமும் அரைச் சம்பளத்துக்கு எதிர்பார்த்தார்கள். கேரளத்தில் 2011க்குப் பின் எழுந்த செவிலியர் போராட்டங்கள் திருச்சபை மருத்துவமனைகளின் வாசலிலும் நடந்தன. சேவை என்ற சொல்லைப் பிறருடைய கூலியைக் குறைக்கப் பயன்படுத்துவது, அந்தச் சொல்லுக்குத் தன் உழைப்பையே கொடுத்தவர்களை அவமதிப்பதாகும். இன்னொரு பக்கம் புனித யோவான் கல்லூரி, படித்து முடித்த டாக்டர்களை வசதி குறைந்த ஊர்களின் சிறு மருத்துவமனைகளில் சில காலம் வேலை செய்ய வைக்கிறது. அந்தக் கணக்கில் ஏறாத தொகையை வேறொரு வழியில் ஈடுகட்டும் முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன்.

1139இன் பழைய தடையை இங்கே மறுபடி எடுத்துப் பார்ப்பது பயன் தரும். அதில் இரண்டு இழைகள் பின்னிக் கிடந்தன. உடலைத் தொடுவது துறவிக்கு இழுக்கு என்ற எண்ணம் பின்னாளில் அதில் வந்து சேர்ந்தது. முதலில் இருந்தது, நோயை வைத்துத் துறவி பணம் பண்ணக் கூடாது என்பது. மெக்லாரனும் குளோவ்ரியும் டெங்கலும் உடலைப் பற்றிய இழையை அறுத்தார்கள், பணத்தைப் பற்றியதை அறுக்கவில்லை. கோலின்ஸ் வீதியை விட்டுவிட்டுக் குண்டூருக்கு வந்தவர் அதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். அவர்கள் பெயரால் நடக்கிற சில நிறுவனங்களிலோ, கருப்பையைப் பற்றிய தயக்கம் அப்படியே இருக்க, கல்லாவைப் பற்றிய தயக்கம்தான் தேய்ந்துவருகிறது.

டெங்கலின் சபை இதில் வேறொரு பாதையில் போயிற்று. பெரிய கட்டடங்களைக் கட்டிக்காப்பதா, மக்கள் இருக்கும் இடத்துக்குப் போவதா என்று 1960களுக்குப் பின் தங்களுக்குள் விவாதித்து, பல மருத்துவமனைகளைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அந்தப் பெண்கள் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் போனார்கள். 1927இல் அவர்கள் ராவல்பிண்டியில் தொடங்கிய ஹோலி ஃபேமிலி மருத்துவமனையும் 1970களில் பஞ்சாப் மாகாண அரசின் கைக்குப் போய்விட்டது. இன்று அது அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆஸ்பத்திரி. சிஸ்டர்கள் இல்லை; பிரசவ வார்டு இருக்கிறது. பெயரை யாரும் மாற்றவில்லை.