தொலைந்த துப்பறியும் படம்: ஸ்பானிஷில் மட்டும் பிழைத்தது எப்படி?

துப்பறிவாளர் சார்லி சானாக வார்னர் ஓலாண்ட் முதன்முதலில் நடித்த படம் ‘சார்லி சான் கேரீஸ் ஆன்’. 1931-ல் ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இன்று அதன் பிரதியே இல்லை. ஆனா, அதே கதையை இப்பவும் திரையில் பார்க்கலாம். எப்படி?

பேசும் படம் வந்த புதிதில் டப்பிங் சரியாகக் கைகூடவில்லை. அதனால் ஹாலிவுட், ஒரே கதையை வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷிலும் எடுத்தது. அப்படி வந்ததுதான் ‘எரான் த்ரேசே’. ‘பதின்மூன்று பேர் இருந்தார்கள்’ என்று அர்த்தம். உலகச் சுற்றுலா கிளம்பிய கூட்டத்துக்குள்ளேயே கொலைகாரன் இருக்கிறான். லண்டனில் தொடங்கும் வழக்கு, ஹொனலுலுவில் சான் கைக்கு வருகிறது. இதில் சான், மானுவேல் ஆர்போ. இந்தப் பிரதி தப்பிவிட்டது.

அன்றைய நைட்ரேட் ஃபிலிம் சட்டுனு தீப்பிடிக்கும். 1937-ல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் படச்சுருள் கிடங்கு எரிந்ததில் ஏராளமான பழைய படங்கள் போயின. ஓலாண்ட் நடித்த சான் படங்களில் நான்கு இன்று கிடைப்பதில்லை.

சான் சீனர். ஓலாண்டோ ஸ்வீடனில் பிறந்தவர், ஆர்போ ஸ்பெயின்காரர். இன்று பார்க்கும்போது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் அந்த வேடத்தில் பிரபலமானது ஓலாண்ட்தான். அவர் அதை எப்படித் தொடங்கினார் என்பதை மட்டும் ‘எரான் த்ரேசே’ காட்டாது.