மெகீ... மொக்கையா, கெத்தா?

ஏழடி உயரம். மூணு என்.பி.ஏ. சாம்பியன் மோதிரம். கூடவே ஒரு ஒலிம்பிக் தங்கம். இப்படி ஒருத்தரைப் பத்திச் சொன்னா, 'ஆஹா, செம கெத்தான ஆளு'ன்னுதானே நினைப்பீங்க? ஆனா, அமெரிக்க பாஸ்கெட்பால் ரசிகர்கள்கிட்ட போய் 'ஜவேல் மெகீ'ன்னு பேரைச் சொல்லிப் பாருங்க... பல பேருக்கு முதல்ல சிரிப்புதான் வரும். அப்புறம்தான் பேச்சே வரும்!

அந்தச் சிரிப்புக்கு யார் காரணம்? கிரவுண்டுல காமெடி பண்ணின மெகீயா... இல்லை, டிவியில உட்கார்ந்து அவரை வருஷக்கணக்கா கலாய்ச்ச ஷகீல் ஓ'நீலா? இந்தக் கேள்வியில ரசிகர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு முட்டிக்கிறாங்க. வாங்க, பஞ்சாயத்துல நாமளும் ஒரு ஓரமா உட்காருவோம்.

யார் இந்த நெட்டைப் பையன்?

1988-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் பிறந்தவர் மெகீ. அம்மா பமீலா சாதாரண ஆள் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்காக ஆடித் தங்கம் வாங்கியவர். 'தாய் எட்டடி பாய்ஞ்சா குட்டி பதினாறு அடி பாயும்'னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. பையனும் பாய்ஞ்சார். கல்லூரி ஆட்டக்காரர்களை என்.பி.ஏ. அணிகள் வரிசையா எடுத்துக்கிற டிராஃப்ட்டில், 2008-ல் 18-வது ஆளாக வாஷிங்டன் விஸார்ட்ஸ் அவரை எடுத்தது.

2011-ல் நடந்த டங்க் போட்டியில் ஒரே தாவலில் மூணு பந்தை வளையத்துக்குள்ளே திணிச்சார் மனுஷன். ஆனா, காரைத் தாண்டி டங்க் அடிச்ச பிளேக் கிரிஃபின் கப்பைத் தட்டிட்டுப் போயிட்டார்.

அதுக்கு அடுத்த மாசமே சிகாகோ புல்ஸுக்கு எதிரா ஒரு மேட்ச். 11 புள்ளி, 12 ரீபவுண்ட், 12 பிளாக். மூணு கணக்குலயும் இரட்டை இலக்கம். அதுதான் டிரிபிள் டபுள்! ஒரே மேட்சில் 12 பிளாக் என்பதெல்லாம் அபூர்வத்திலும் அபூர்வம். ஆனா, அன்னிக்கு அவரோட டீம் மண்ணைக் கவ்விக்கிட்டிருந்தது. அதைப் பத்திக் கவலையே இல்லாம, பத்தாவது புள்ளிக்காக ஐயா ஷாட் மேல ஷாட்டா விட்டுக்கிட்டிருந்தார். கடைசியா டங்க் அடிச்சதும் சந்தோஷத்துல வளையத்துலயே தொங்க, ரெஃப்ரி டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்துட்டார். சாதனையும் சொதப்பலும் ஒரே நிமிஷத்துல!

2012 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு எதிரான மேட்ச் இன்னும் மோசம். எதிரே தடுக்க யாருமே இல்லை. சும்மா பந்தைப் போட்டிருந்தாலே ரெண்டு புள்ளி. இவரோ பந்தைப் பலகையில் அடிச்சு, திரும்பி வந்ததை எகிறிப் பிடிச்சு டங்க் அடிச்சார். டீம் பின்தங்கியிருந்த நேரத்துல இந்த ஷோ தேவையா? கோச் ஃபிளிப் சாண்டர்ஸ் கூப்பிட்டு பெஞ்சுல உட்கார வெச்சுட்டார்.

ஷாக் திறந்த காமெடிக் கடை

அதே சீஸன்லதான் வந்து சேர்ந்தார் ஷாக். நாலு சாம்பியன் மோதிரங்களோட 2011-ல் ஓய்வு பெற்ற கையோடு, டி.என்.டி. சேனலின் 'இன்சைட் தி என்.பி.ஏ.' நிகழ்ச்சியில் உட்கார்ந்தார். எர்னி ஜான்சன், சார்லஸ் பார்க்லி, கென்னி ஸ்மித் ஏற்கெனவே கலக்கிக்கிட்டிருந்த மேடை அது. (2025-லிருந்து இந்த நிகழ்ச்சி ஈ.எஸ்.பி.என்.னில் வருது.)

அங்கே ஷாக் ஆரம்பிச்ச பகுதிதான் 'ஷாக்டின் எ ஃபூல்'. ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுந்தது, கிட்ட நின்னே டங்க்கைத் தவறவிட்டது, திசை தெரியாம ஓடினது... எல்லாத்தையும் தொகுத்துப் போட்டு ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டுவாங்க. சீஸன் முடிவுல 'சிறந்த சொதப்பல் மன்னன்' பட்டம் வேற! முதல் ரெண்டு வருஷமும் அந்தப் பட்டத்தை வாங்கினது சாட்சாத் நம்ம மெகீதான்.

'செஞ்சாரா, இல்லையா?'

ஷாக் கட்சி ரசிகர்களோட வாதம் ரொம்ப சிம்பிள். 'ஷாக் எதையாவது இட்டுக்கட்டினாரா? வீடியோவுல இருக்கிறது மெகீ செஞ்சதுதானே? கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவர் கொஞ்சம் கிண்டலைத் தாங்கிக்கக் கூடாதா? அவரோட கோச்சே அவரை உட்கார வெச்சாரே!'

நியாயமான கேள்விதான். டென்வர் நகெட்ஸ் 2012-ல் மெகீக்கு நாலு வருஷத்துக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. அவ்வளவு காசு வாங்கினா நாலு பேர் நாலு விதமாப் பேசத்தான் செய்வாங்க.

மெகீ கட்சி சும்மா இருக்குமா? 'அதே 2012 பிளே ஆஃப்ல, லேக்கர்ஸுக்கு எதிரா ஒரு மேட்சில் 16 புள்ளி, 15 ரீபவுண்ட். ஐந்தாவது மேட்சில் 21 புள்ளி, 14 ரீபவுண்ட், அதுவும் லேக்கர்ஸோட சொந்த கிரவுண்டுல ஜெயிச்ச மேட்ச். இதெல்லாம் ஏன் உங்க வீடியோவுல வரலை?'

இந்த இடத்துல, இன்ஜினீயரிங் படிக்கிறவன் என்ற முறையில் நான் கொஞ்சம் மூக்கை நுழைச்சுக்கிறேன். சாம்பிள் எடுக்கும்போது வேணும்னே கெட்டதை மட்டும் பொறுக்கினா, வர்ற முடிவும் கெட்டதாத்தான் இருக்கும். நம்ம கிளாஸ் டாப்பர் தூங்கி வழிஞ்ச பத்து செகண்டை மட்டும் வாராவாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டினா, வருஷக் கடைசியில அவன்தான் காலேஜ் சோம்பேறி!

இன்னொண்ணும் இருக்கு. மேலேயிருந்து கீழே இறங்குற பந்தைத் தட்டினா 'கோல்டெண்டிங்' தப்பு. மேலே ஏறிக்கிட்டிருக்கும்போது தட்டினா பிளாக், கைத்தட்டல். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது கண்ணிமைக்கிற நேரம்தான். மெகீயைப் பிளாக் மன்னனாக்கின அதே அவசரத் தாவல்தான் அவரைக் காமெடியனாவும் ஆக்கிச்சு. இதை விளக்கிச் சொன்னா அது விமர்சனம். விளக்காம சிரிப்புச் சத்தத்தை மட்டும் சேர்த்தா அது வெறும் கலாய்!

வெடிச்சது சண்டை

கலாய்க்கு விலை உண்டுங்கிறதை 2016-ல் பார்த்தோம். நடுவுல இடது கால் எலும்பு முறிவு, டென்வர், ஃபிலடெல்ஃபியா, டல்லாஸ்னு ஊர் ஊரா அலைச்சல். கடைசியில கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூப்பிட்டது, அதுவும் 'டீம்ல இடம் கிடைச்சாத்தான் சம்பளம்' என்கிற ஒப்பந்தத்துல. கோச் ஸ்டீவ் கெர் பின்னாடி சொன்ன விஷயம் முக்கியமானது. மெகீக்கு இருந்த கெட்ட பேர் நியாயமே இல்லாதது, நேரில் பழகினா ஆள் முற்றிலும் வேறன்னார். அந்தப் பேர் உருவானதுல ஷாக்கோட நிகழ்ச்சிக்கும் பங்கு இருக்குன்னார். அதாவது, ஒரு டிவி காமெடி ஒருத்தரோட வேலை வாய்ப்பு வரைக்கும் போய்த் தொடும்!

2017 பிப்ரவரியில் ஷாக் மறுபடியும் ஒரு சினிமா டிரெய்லர் பாணியில் மெகீயை ஓட்ட, மெகீ பொறுமையிழந்து ட்விட்டரில் பதிலடி கொடுத்தார். ஷாக்கும் விடலை. வார்த்தை தடிச்சு, மிரட்டல் வரைக்கும் போச்சு. மெகீக்காக சக வீரர் கெவின் டுரான்ட் களமிறங்கினார். 'ஷாக் மட்டும் என்ன ஒழுங்கா? ஃப்ரீ த்ரோ போடத் தெரியாதவர்தானே'ங்கிற தொனியில் போட்டுத் தாக்கினார். (பொய் இல்லை. ஷாக்கோட ஃப்ரீ த்ரோ கணக்கு 52.7 சதவிகிதம்தான். கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒண்ணு அவுட்!) பமீலாவும் மகனுக்காகப் பொங்கினார். வாரியர்ஸ் நிர்வாகம் சேனல்கிட்டயே பேசிச்சு. கடைசியில சண்டையை நிறுத்தினது யார் தெரியுமா? ஷாக்கோட அம்மா! 'அம்மா விடச் சொல்லிட்டாங்க'ன்னு ஷாக்கே சொன்னார்.

டுரான்ட் சொன்ன பாயிண்ட் கேட்க நச்சுன்னு இருக்கு. ஆனா, அதை நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். தப்பே பண்ணாதவர்தான் கமென்ட்டரி பண்ணணும்னா, மைக்கைப் பிடிக்க ஆளே கிடைக்காது. ஷாக் பிசகினது வேற இடத்துல.

பிசகின ஸ்கேல்

2016-17 சீஸன்ல மெகீ 77 மேட்ச் ஆடினார். ஒரு மேட்சுக்குச் சராசரியா 9.6 நிமிஷம்தான். அதுல 6.1 புள்ளி. போட்ட ஷாட்டுல 65.2 சதவிகிதம் உள்ளே! பிளே ஆஃப்ல போர்ட்லேண்டுக்கு எதிரா 13 நிமிஷத்துல 7-க்கு 7, மொத்தம் 15 புள்ளி, கூடவே 4 பிளாக். ஏழு சீஸனுக்கு மேல 'நிலையில்லாத ஆளு'ன்னு பேர் வாங்கினவர் திடீர்னு கடிகாரம் மாதிரி ஆடுறார். எப்படி?

ஆள் மாறலை, வேலை மாறிச்சு. 'ஓடு, தாவு, தட்டு, டங்க் அடி... பத்து நிமிஷம் போதும், வந்து உட்கார்'னு கெர் அளவா வேலை கொடுத்தார். மெகீக்கு ஆஸ்துமா உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்க. நீண்ட நேரம் ஓடி ஆடுறது அவர் உடம்புக்கே ஒத்துவராத சமாச்சாரம்.

இங்கேதான் நம்மாளுங்களும் கால்குலேட்டரைத் தட்டுவோம். 9.6 நிமிஷத்துல 6.1 புள்ளின்னா, 36 நிமிஷத்துல கிட்டத்தட்ட 23! ஷாக்கோட வாழ்நாள் சராசரி 23.7. 'அட, இவர் இன்னொரு ஷாக் ஆகியிருக்கலாமே, கெடுத்துட்டாரே!'ன்னு தோணும். கணக்கு சரி, முடிவு தப்பு. 36 நிமிஷம் அதே வேகத்துல ஆட முடியாதவர்கிட்ட அதை எதிர்பார்த்துட்டு, நடக்காதப்போ 'திறமையை வீணாக்கிட்டான்'னு சொல்றோம். ஏழடி உயரத்தைப் பார்த்ததும் டிவி பண்டிதர்கள் எடுக்கிற ஸ்கேல் ஷாக் சைஸ் ஸ்கேல். அதுல அளந்தா யார்தான் பாஸாவாங்க?

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? 2017, 2018-ல் வாரியர்ஸோட ரெண்டு கோப்பை. 2020-ல் லேக்கர்ஸோட மூணாவது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கெவின் லவ் விலக, கடைசி நேரத்துல அமெரிக்க அணியில் சேர்ந்து தங்கம். அம்மாவுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு... வீட்டுல ரெண்டு ஒலிம்பிக் தங்கம்!

அதனால, மெகீ பண்ணின காமெடி எல்லாம் இல்லைன்னு ஆகிடாது. வளையத்துல தொங்கினது தொங்கினதுதான்! நானும் அந்த வீடியோக்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறவன்தான். ஆனா, சிரிச்சு முடிச்சதும் 'இவன் வேஸ்ட்'னு தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கலாம். 'இவனுக்குச் சரியான வேலையை யாராவது கொடுத்தாங்களா?'

கிரவுண்டுல மட்டும் இல்லை மக்களே... ஒவ்வொரு கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல ஒரு மெகீ இருக்கான். அவனுக்கு ஷாக் நிறைய பேர் கிடைச்சிருப்பாங்க. ஒரு ஸ்டீவ் கெர்தான் இன்னும் வரலை!