கெட்ட மண்ணைத் திருத்த முடியுமா?

2024 நவம்பர் 30. அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாக மாறியது.

வெள்ளம் வடிந்ததும் மக்கள் வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரி வெளியே கொட்டினார்கள். தரையைக் கழுவினார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் படிந்த சேறு என்ன ஆயிற்று? முருங்கை மரத்தடியில் படிந்தது. கீரைப் பாத்தியில் படிந்தது. அங்கேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்த மண் கெட்டுப் போயிருந்தால், அதைத் திருத்த முடியுமா?

முடியும். ஆனால், எதனால் கெட்டது என்று முதலில் தெரிய வேண்டும்.

மூன்று வகை அழுக்கு

முதல் வகை, சாக்கடை அழுக்கு. இதில் நோய்க்கிருமிகள் இருக்கும். மண்ணைக் கொத்திவிட்டு வெயிலில் காயவிட்டால் நாளடைவில் கிருமிகள் சாகும். அதுவரை அங்கே கீரை பறிக்கக் கூடாது. பிள்ளைகளை விளையாட விடக் கூடாது.

இரண்டாவது வகை, டீசல், எஞ்சின் ஆயில் போன்றவை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இவற்றை மெல்லத் தின்று தீர்க்கும். மாதங்கள் ஆகலாம். ஆண்டுகளும் ஆகலாம்.

மூன்றாவது வகைதான் பொல்லாதது. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள். இவை வெயிலில் சாகா. மழையில் கரைந்து ஒழியா. மக்கிப் போகவும் மாட்டா. பாட்டன் காலத்தில் மண்ணில் விழுந்த ஈயம் பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும்!

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு.

கொடைக்கானலில் நடந்தது

கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஆலையின் இயந்திரங்கள் 1983-ம் ஆண்டு வாக்கில் இங்கே வந்தன. பாண்ட்ஸ் கம்பெனி ஆலையைத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது.

தெர்மாமீட்டருக்குள் வெள்ளி போல் மின்னுவது பாதரசம். 2001-ம் ஆண்டு, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்தது. மக்கள் திரண்டார்கள். மார்ச் மாதமே ஆலை மூடப்பட்டது.

2003-ம் ஆண்டு சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. ஆலை மண்ணில் கலந்த பாதரசம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆலையில் வேலை பார்த்தவர்கள் தங்கள் உடல்நலம் கெட்டதாக வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனி அதை மறுத்தது. முடிவில், 2016-ம் ஆண்டு 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது.

மண்ணைக் கழுவுவது எப்படி?

துணியைத் துவைப்பது போல மண்ணையும் துவைக்கலாம்! தோண்டிய மண்ணைத் தண்ணீர் விட்டு அலசிச் சலிப்பார்கள். பெரிய மணல் சுத்தமாகிவிடும். பாதரசம் மெல்லிய களிமண்ணில்தான் ஒட்டிக்கொள்ளும். அந்தக் களிமண்ணை மூடிய கலத்தில் இட்டுச் சூடேற்றுவார்கள். 357 டிகிரி சூட்டில் பாதரசம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

சொல்ல எளிது. செய்யத்தான் சிரமம். ஆலை நிற்பது மலைச்சரிவில். கீழே பாம்பார் சோலைக்காடு. தோண்டினால் மரங்கள் என்னாகும்? மழையில் மண் சரியாதா?

எவ்வளவு சுத்தம் போதும் என்பதிலும் வழக்கு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வாதாடினார்கள். ஆலை மூடி இருபது ஆண்டு ஆனபோதும் மண் வேலை முடிந்திருக்கவில்லை.

முற்றத்து மண்ணைச் சுரண்டிய ஊர்கள்

அது ஆலை மண். வீட்டு முற்றத்து மண்ணையே சுரண்டி எடுத்த ஊர்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் சாம்பரா மாநிலத்தில் அது நடந்தது.

அந்த மக்கள் தங்கம் கலந்த கல்லை வீட்டிலேயே இடித்து மாவாக்கினார்கள். கல்லில் ஈயமும் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஈயத்தூள் முற்றமெங்கும் படிந்தது. 2010-ம் ஆண்டு உண்மை வெளிவருவதற்குள் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மாண்டுவிட்டன.

ஊர் மக்களே மண்வெட்டி பிடித்தார்கள். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துக் குழியில் புதைத்தார்கள். நல்ல மண்ணைக் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பினார்கள். வீடு சுத்தமான பிறகே பிள்ளைகளுக்கு ஈயத்தை இறக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. அழுக்கு முற்றத்துக்கே பிள்ளை திரும்பினால் மருந்து என்ன செய்யும்?

உங்கள் வீட்டுத் தோட்டத்தில்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிய மனைகள் பெருகிவருகின்றன. பள்ளமான மனையை மேடாக்க லாரி மண் கொட்டுவது வழக்கம். அந்த மண்ணில் கண்ணாடித் துண்டு, பெயிண்ட் சில்லு, பேட்டரித் தகடு, சாம்பல் கிடந்தால் வாங்காதீர்கள்.

பழைய பேட்டரியை வீட்டில் உடைக்கக் கூடாது. செம்புக் கம்பிக்காக வயரை எரிக்கக் கூடாது. அந்தச் சாம்பலை எருவில் சேர்க்கவே கூடாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பத்து லட்சம் பங்கு பெயிண்டில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பழைய பெயிண்டை உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள். நனைத்துச் சுரண்டி, கீழே விழுவதைச் சாக்கில் பிடியுங்கள்.

மண்ணின் மேல் சந்தேகம் இருந்தால், அதைப் புல்லாலோ ஜல்லியாலோ மூடுங்கள். கீரையையும் கிழங்கையும் தொட்டியில் நல்ல மண் இட்டுப் பயிரிடுங்கள். கீரையிலும் கிழங்கிலும்தான் ஈயம் அதிகம் சேரும், ஒட்டும். முருங்கை, கத்தரி போன்றவற்றின் காய்களில் அவ்வளவு சேராது. எதையும் நன்றாகக் கழுவுங்கள். பிள்ளைகள் சாப்பிடுமுன் கை கழுவட்டும்.

மட்கிய எரு ஈயத்தைக் கொஞ்சம் கட்டிவைக்கும். ஆனால், ஈயம் போய்விடாது.

மண் பரிசோதனை செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் பரிசோதனை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்தைத்தான் சொல்லும். ஈயமும் பாதரசமும் உண்டா என்பதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அதைக் கேட்டுச் செய்யுங்கள்.

மனைக்கு மண் கொட்டும்போது லாரிக்கு என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எங்கே தோண்டிய மண் என்றும் கேளுங்கள். கொட்ட அரை மணி நேரம் போதும். கெட்ட மண் என்று பிறகு தெரிந்தால், அள்ளி எடுக்க ஓர் ஆயுள் போதாது!