மார்ச்சா, ஏப்ரலா?

பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் சாஃப்ட்வேர். இரண்டு பதிப்புகள் கைக்கு வந்தன. ஒன்றின் பெயரில் 03-04, மற்றதில் 04-03. நம் வழக்கப்படி முதலாவதுதான் புதியது, ஏப்ரல் 3. அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எழுதியவரோ அமெரிக்காவாசி. அங்கே மாதம்தான் முந்தி. ஆக, நான் ஏற்றியது மார்ச் 4-ன் பழைய சரக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மொழிபெயர்த்த கட்டுரையில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன.

இந்தக் குழப்பத்துக்கு 1988-லேயே மருந்து கண்டாகிவிட்டது. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்வது: முதலில் முழு வருடம், பிறகு மாதம், பிறகு நாள். 2024-04-03 என்று எழுதினால் கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கும்போதே தேதிவாரியாகவும் நின்றுவிடும். மாதத்துக்கு முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டாலோ அக்டோபர் ஏப்ரலை முந்திக்கொள்ளும்.

தேதியையே பெயராக்கியவர்களில் உபுண்டு நாணயமானது. அதன் முதல் பதிப்பு 4.10, அதாவது 2004 அக்டோபர். 2006-ல் 6.04 ஆக வரவேண்டியது தாமதமாகி ஜூன் 1-ல் வந்தது. பெயரையும் 6.06 என்று மாற்றிவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு, பெயரில் செப்டம்பர். வந்தது 2018 அக்டோபரில். சிலருடைய கோப்புகளை அது அழித்துவிட, விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பரில் மீண்டும் வெளியானது. பெயர் அதே 1809. அடுத்த வேடிக்கை, 2020 மே மாதம் வந்த பதிப்பின் பெயர் 2004. இருபதாம் வருடம், நான்காம் மாதம் என்று பொருள். பார்ப்பவருக்கோ 16 வருடப் பழசு! அதற்கடுத்த பதிப்பு 20எச்2 ஆனது. இரண்டு இலக்கம் மிச்சம் பிடிக்கப்போய் வந்த வினை. ஒய்2கே பீதியில் உலகமே கற்ற பாடம் அதற்குள் மறந்துபோயிற்று.

தேதி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் நிஜம். புதிய பதிப்பில் பழைய கோப்பு திறக்குமா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்காகவே 1.9-லிருந்து 2.0-க்குத் தாவும் பழைய எண் முறையை விடாதவர்கள் உண்டு. அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் தேவை சின்னது: எது புதியது என்று தெரிந்தால் போதும். அமெரிக்காவாசிக்கு அதைத்தான் எழுதினேன். அடுத்த பதிப்பு 2024-06-11 என்ற பெயரில் வந்தது.